முடிவு ஜெபம்

அவனுக்குச் சின்ன பாஸ்டர் என்று பெயர் வைத்தது அந்தத் தெரு. பாஸ்டர் பட்டமெல்லாம் யாரும் கொடுக்கவில்லை. படிப்பை முடித்த கையோடு மிஷனில் சேர்ந்து, ரயில் மாறி ரயில் ஏறி வர வேண்டிய தூரத்து ஊருக்குச் சேவை செய்ய வந்த வாலிபன், அவ்வளவுதான். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போவது அவன் வேலை. போர்வை மாற்றுவான், நகம் வெட்டுவான், முகம் மழித்து விடுவான், முதுகில் புண் வராதபடி புரட்டிப் படுக்க வைப்பான். வேதத்திலிருந்து ஒரு பகுதி வாசிப்பான். எதற்கும் முகம் சுளிக்க மாட்டான். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

சிக்கல் பேச்சில்தான் இருந்தது. நாள் முழுக்க விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிறவர்களுக்கு ஒரு ஆள் கிடைத்தால் லேசில் விடுவார்களா? மருமகளின் முணுமுணுப்பில் ஆரம்பித்து, என்றைக்கோ கைவிட்டுப் போன வேலை வரைக்கும் சொல்லித் தீர்ப்பார்கள். அடுத்த வீட்டில் இன்னொருவர் ஈரத்துணியில் கிடப்பார். இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார் மூத்த மிஷனரி. அவன் வந்த புதிதில் அதைச் சொல்லிக் கொடுத்தார்.

"கிளம்பறேன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லாதே, மனசு கஷ்டப்படுவாங்க. 'ஜெபம் பண்ணலாமா'ன்னு கேளு. யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. ஆமென் சொன்னதும் செருப்பை மாட்டிக்கோ."

நல்ல வழிதான். எவ்வளவு பெரிய கதையாக இருந்தாலும் 'ஜெபம் பண்ணலாமா' என்றதும் நின்றுவிடும். கண்கள் மூடிக்கொள்ளும். கண் திறக்கும்போது அவன் வாசலில் இருப்பான்.

அந்தப் பருப்பு வேகாத ஒரே இடம், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரின் வீடு. கால் இரண்டும் விழுந்துபோன மனிதர். வாய் மட்டும் இன்னும் பணியில் இருந்தது.

"நான் படியில காலை வைக்கறதுக்குள்ள விசில் ஊதறியே, தம்பி. உன் ஜெபம் கடவுளுக்குப் போகல. டிரைவருக்குப் போகுது."

அவன் அசடு வழியச் சிரித்துவிட்டு, அன்றைக்கும் விசில் ஊதிவிட்டுத்தான் கிளம்பினான்.

இத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. அவன் அந்த வழியைத் தன் வீட்டுக்கும் கொண்டுபோனான்.

அப்பா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்து, புதுக் கம்பியைச் சுற்றுவதற்குள் மற்றவர்களுக்குப் பொறுமை செத்துவிடும். பேச்சிலும் அதே நிதானம். கோயிலில் கடைசி பெஞ்சில், கதவோரம் உட்காருகிற கட்சி. மகன் சேவைக்குப் போகிறேன் என்று வந்து நின்றபோது, "திருடவா போறே, போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார். அம்மா இறந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. அவன் கிளம்பிய அன்றைக்கு அவர் கடையைத் திறக்கவே இல்லை என்று பிறகு அக்கா சொல்லித்தான் தெரியும்.

கூட்டங்களில் சாட்சி சொல்லும்போது, "தகப்பன் தனிமையில் இருந்தும் ஆண்டவருக்காக விட்டு வந்தேன்" என்பான். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள். அவனுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் தித்திக்கும். விட்டு வந்தது அவன், விடப்பட்டது இன்னொருவர் என்பது அப்போது தோன்றவில்லை.

ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு போன் பேசுவான். அப்பா கடையிலிருந்து ஆரம்பிப்பார். யாரோ மோட்டாரைத் தண்ணீரில் போட்டு எடுத்து வந்த கதை வரும். மழை வரும். பக்கத்து வீட்டுச் சண்டை வரும். பிறகு, "தம்பி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்..." என்று இழுப்பார்.

"சொல்லுங்கப்பா."

"ஒண்ணுமில்ல, இந்தக் கை..." என்று தொடங்கி, "அன்னைக்கு ஒரு சின்ன மோட்டார் வந்துச்சு பாரு" என்று மறுபடி கடைக்குள் நுழைந்துவிடுவார். இங்கே கூட்டத்துக்கு நாற்காலி போட வேண்டியிருக்கும். அவன் கால்கள் தரையில் நிற்காது.

"ஜெபம் பண்ணலாமாப்பா?"

மோட்டார் கதை பாதியில் நிற்கும். "சரிப்பா, பண்ணு."

தலை முதல் உள்ளங்கால் வரை அப்பாவைக் காத்தருளும் என்று மனமுருகி ஜெபிப்பான். பொய்யாக ஜெபித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆமென் சொன்னதும் போனை வைப்பான்.

ஒரு காலையில் அக்கா கூப்பிட்டாள். அப்பா கடையிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தான். வார்த்தைகள் வந்தன. ஆனால் அவை எல்லாமே எழுந்து போவதற்கென்று பழகிய வார்த்தைகள். போக இடமில்லாத ரயில் பெட்டியில் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல்முறையாக அவனுக்கு ஆமென் வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

"முன்னாடியே ஏதாவது தெரிஞ்சுதாக்கா?"

"கை மரத்துப் போகுதுன்னு சொல்லிட்டிருந்தார்டா. திடீர்னு ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து நழுவிடுமாம். கொஞ்ச நேரத்துல சரியாயிடுமாம். டாக்டர்கிட்ட போலாம்னு நானும் தலையால தண்ணி குடிச்சுப் பார்த்தேன். 'எதுக்கு டாக்டர்? தம்பி இதே மாதிரி ஆளுங்க நடுவுலதானே இருக்கான். ஞாயித்துக்கிழமை அவன்கிட்ட கேட்டுக்கறேன்'னு சொல்லிட்டார்." கொஞ்சம் தயங்கினாள். "உன்கிட்ட கேட்டார்தானே? நீ என்ன சொன்னே?"

அவன் தோள் பையைக் கீழே இறக்கி வைத்தான்.

அவனுக்குத் தெரியும். அதுதான் கொடுமை. அவன் புரட்டிப் படுக்க வைக்கிறவர்களில் பாதிப் பேருடைய கதை அப்படித்தான் தொடங்கியிருந்தது. கை மரத்தது, சாமான் நழுவியது, தானே சரியானது. இன்னும் ஒரு நிமிடம் காது கொடுத்திருந்தால், "உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கப்பா" என்று பதறியிருப்பான். ஊரார் அப்பாக்களுக்கெல்லாம் தனக்குத் தெரிந்ததைச் சொன்னவன், தன் அப்பாவுக்கு ஜெபத்தைக் கொடுத்து வாயை மூடியிருக்கிறான். அவனுக்கு அவன்மேலேயே அருவருப்பு வந்தது.

"கேட்டார்க்கா," என்றான். "நான் கேக்க விடல."

அக்கா வார்டுக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

வார்டில், சுவரோரக் கட்டிலில் அப்பா கிடந்தார். முகத்தில் சில நாள் தாடி, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மகனைக் கண்டதும் கண்கள் மலர்ந்தன. ஏதோ ஒரு சத்தம் தொண்டைக்குள் புரண்டது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அப்பா" என்றான். போர்வையை இழுத்து அவர் காலை மூடினான்.

அப்பா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு இடது கையை மெல்லத் தூக்கி, முகத்தில் இல்லாத கண்ணாடியைக் கழற்றப் போனார். கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கண்களை மூடினார். தலை லேசாகத் தாழ்ந்தது.

"ஞாயித்துக்கிழமை நீ போன்ல ஜெபம் பண்றப்ப, கண்ணாடியைக் கழட்டிட்டு இப்படித்தான்டா உட்கார்ந்திருப்பார்," என்றாள் அக்கா. "ஜெபம் பண்ணு. காத்திட்டிருக்கார் பாரு."

"வேண்டாம்க்கா." அவன் குனிந்து அப்பாவின் தோளைத் தொட்டான். "அப்பா, கண்ணைத் திறங்க. நான் ஜெபம் பண்ணல. எங்கேயும் போகல."

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. ஆமென் வரும்வரை திறக்கக் கூடாது என்பது அவர் வழக்கம். பொறுமையாகக் காத்திருந்தார். எரிந்த மோட்டாரோடு உட்கார்கிற அதே பொறுமை.

வேறு வழி தெரியாமல் அவன், "ஆமென்" என்றான்.

அப்பா கண்ணைத் திறந்தார். கட்டிலருகில் கிடந்த மகனின் செருப்பை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, போயிட்டு வா என்று அசைத்தார்.

அந்தக் கையை அவன் அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டான். செருப்பைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

"சொல்லுங்கப்பா," என்றான். "கேக்கறேன்."

அப்பா வாயைத் திறந்தார். உதடு துடித்தது. அவன் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, வராத சொல்லுக்காகக் காத்திருந்தான்.