செவந்துச்சும்மா

ஐஸ் நிரப்பிய எவர்சில்வர் கிண்ணத்தைப் பக்கத்து அறுவை அரங்கிலிருந்து நர்ஸ் இரண்டு கையாலும் ஏந்தி வந்தபோது, கீறிய இடத்தின் ஓரத்தை இழுத்துப் பிடித்து நின்ற பயிற்சி மருத்துவப் பெண்ணுக்குக் கை மரத்துப்போயிருந்தது. தோழிகள் அந்தப் பயிற்சி மருத்துவருக்கு வைத்த பேர் அட்டவணை. பதினேழு வயதிலேயே வாழ்க்கையைக் கட்டம் போட்டு எழுதி வைத்தவள். எம்.பி.பி.எஸ்., பிறகு தோல் மருத்துவம், பிறகு சொந்தமாக ஒரு கிளினிக். துணி தைத்துப் படிக்க வைத்த அம்மாவுக்கும் அதுதான் ஆசை. "சொறி சிரங்குக்கு எவனும் நடுராத்திரி கதவைத் தட்ட மாட்டான்டி" என்பாள். மேற்படிப்புக்கு எந்தத் துறை என்று பதிய அன்று மாலை ஐந்து மணி வரைதான் நேரம்.

மேசையில் மயங்கிக் கிடந்தவர் பஸ் டிரைவர். மூன்று வருஷமாக ஒரு சொட்டுச் சிறுநீர் போகாதவர். கிண்ணத்தில் வந்தது அவருடைய அக்காவின் சிறுநீரகம். அட்டவணை எட்டிப் பார்த்தாள். சாம்பல் பூத்து, ஒரு கைக்குள் அடங்கி, கூழாங்கல் மாதிரி கிடந்தது. இதுவா வேலை செய்யப்போகிறது?

தலைமுடி போன்ற நூலால் சர்ஜன் ரத்தக்குழாய்களைத் தைத்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. "கிளாம்ப் எடுக்கப்போறேன். யாரும் பேசாதீங்க" என்றார். யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

ரத்தத்தை அடைத்திருந்த அந்தக் கவ்வியை எடுத்தார். ஒரு ஓரத்தில் மெல்லிய சிவப்பு கசிந்தது. அவள் கண் சிமிட்டுவதற்குள் அது முழுக்கப் பரவி, சாம்பல் நிறம் இருந்த இடம் தெரியவில்லை. தொய்ந்து கிடந்தது விம்மி, டிரைவரின் நெஞ்சின் தாளத்துக்கே துடித்தது. வெட்டிய சிறுநீர்க்குழாயின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. பிறகு சர்ரென்று பீய்ச்சி சர்ஜனின் கையுறையை நனைத்தது.

"இந்த வேலைக்கு வந்து இருபது வருஷமாச்சு. மேல பட்டா சந்தோஷப்படற மூத்திரம் இது ஒண்ணுதான்" என்றார் அவர். அரங்கமே சிரித்தது. அவளுக்குக் கண்ணீர் முகக்கவசத்துக்குள் இறங்கியது. கையால் முகத்தைத் தொடக்கூடாது, துடைக்கவும் வழியில்லை.

நாலரை மணிக்கு அம்மா போனில் வந்தாள். "தோல்னு போட்டாச்சா?"

"எழுதி வச்சிருக்கேன், இன்னும் அனுப்பலம்மா. செத்த மாதிரி கிடந்துச்சு. என் கண்ணு முன்னாடியே செவந்துச்சும்மா."

"செவந்துச்சா? அப்ப அது தோல் வியாதிதானேடி!"

சிரித்துவிட்டு, "அப்புறம் பேசறேம்மா" என்று போனை வைத்தாள். படிவத்தில் 'தோல்' என்று எழுதியிருந்த முதல் வரியை அழித்தாள். ஐந்தாக இன்னும் இருபது நிமிஷம்; அந்த வரி காலியாகவே இருந்தது. அதற்குள் நர்ஸ் கூப்பிட்டாள்; டிரைவரின் அக்காவுக்கு மயக்கம் நன்றாகத் தெளிந்துவிட்டதாம்.

"என்னுது... வேலை செய்யுதா?" என்றாள் அக்கா, வறண்ட உதட்டோடு.

"ஓடுதும்மா. ஒரு மூத்திரப் பை நிறைஞ்சு மாத்தியாச்சு."

"அடேயப்பா! எங்கிட்ட இத்தனை வருஷம் சத்தமே காட்டாம இருந்துச்சே." சிரிக்கப்போய் வலியில் முகம் சுளித்தாள். "நான் பாக்கலாமா?"

அட்டவணை கட்டிலின் தலைமாட்டை மெல்ல உயர்த்தினாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கட்டிலில் தொங்கிய பையில் ஜன்னல் வெயில் பட்டு உள்ளே மஞ்சள் மினுங்கியது. குழாயில் ஒரு சொட்டு இறங்கியது. இருவரும் அடுத்த சொட்டுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.