துரைக்கு இனி குளியல் கிடையாது

எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: துவைப்பது. கீழே சலவைக் கடை, மேலே வீடு. எந்தக் கறையாக இருந்தாலும் ஊறவை, அலசு. போகவில்லையா, மறுபடி ஊறவை. இந்தப் புத்தியை ஒரு நாயிடம் காட்டினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நாய் என் நாத்தனாருடையது. என் கணவரின் அக்கா. அவர் வீட்டுக்காரர் தவறி, இருந்த வீடும் கைவிட்டுப் போனபின், போன வருஷம் ஒரு பெட்டியும் இந்த நாயுமாக எங்களிடம் வந்து சேர்ந்தார். நாயின் பெயர் துரை. பெயருக்கேற்றபடி ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாது. வந்தபோது தேன் நிற முடி பளபளவென்று இருந்தது. போகப்போக வயிறு சிவந்து, வால் பக்கம் சொட்டை விழுந்து, எந்நேரமும் வறட் வறட்டென்று சொறிய ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கே உடம்பெல்லாம் அரித்தது.

உதிர்கிற முடி எங்கே போகும்? மாடியில் வைத்து மடிக்கிற சலவைத் துணி வழியாக, நேராக எங்கள் பிழைப்பில் போய் ஒட்டியது. எங்களிடம் துணி போடும் ஹோட்டலின் மேனேஜர் ஒரு வெள்ளை மேசை விரிப்பைக் கொண்டுவந்து கடையில் விரித்து, ஒரு முடியை விரல் நுனியில் தூக்கிக் காட்டினார்.

"இது யார் முடிம்மா?"

தேன் நிறத்தில் முடி வளர்ப்பவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான். விரிப்பை வாங்கி மடித்து உள்ளே வைத்தேன்.

"இன்னொரு தடவை இப்படி வந்தா நான் வேற கடை பாத்துக்கறேன்" என்று போய்விட்டார்.

நான் விறுவிறுவென்று மாடியேறினேன். மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

"அக்கா, இந்த மாசத்துக்குள்ள இதுக்குச் சரியாகலைன்னா யாருக்காவது குடுத்துடலாம்."

நாத்தனார் துரையின் காதைத் தடவிக்கொண்டே, "சரிம்மா. அவன் போனா நானும் கிளம்பிடறேன்" என்றார்.

சண்டைக் குரலில் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதுபோலச் சொன்னார். அவருக்குப் போக்கிடம் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இஸ்திரிப் பெட்டி சூடாகியிருக்கும் என்று கீழே இறங்கிவிட்டார். நழுவுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஆளாளுக்கு வைத்தியர். கணவர் எண்ணெய் தடவினார். துரை போய் சோபாவில் புரண்டது. சோபா உறையைத் துவைத்தது யார்? நான். துரையின் படுக்கை விரிப்பை ஹோட்டல் துணிக்குப் போடும் பவுடரிலேயே கொதிக்கக் கொதிக்கத் துவைத்து, கடைசி அலசலில் வாசனைத் திரவத்தை இரண்டு மூடி கூடுதலாகவே ஊற்றினேன். வீடே கமகமத்தது. துரை மட்டும் அதில் படுக்காமல் வெறுந்தரைக்குப் போயிற்று. திமிரைப் பார் என்று இழுத்துவந்து படுக்க வைத்தேன்.

எந்த வைத்தியத்துக்கும் கேட்காமல், கடைசியில் விரிப்பும் நாயுமாக மூன்று பேரும் கால்நடை மருத்துவரிடம் போய் நின்றோம். சின்ன வயசுப் பெண். முடியைச் சீப்பால் வாரி உண்ணி தேடினார். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"உண்ணி இல்ல. சிரங்குப் பூச்சியும் இல்ல, பூஞ்சையும் தெரியல. எத்தனை நாளைக்கு ஒரு தடவை குளிப்பாட்டறீங்க?"

"வாரத்துக்கு ஒரு தடவை. புதன்கிழமை" என்றேன்.

"ஞாயித்துக்கிழமைல்ல?" என்றார் கணவர்.

"நீங்க வேற குளிப்பாட்டறீங்களா?"

"அப்ப நீயுமா?"

மருத்துவர் நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"தினமும்" என்றார் நாத்தனார், மேசையைப் பார்த்துக்கொண்டு. "விடியக்காலைல. இவங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி."

மருத்துவர் விரிப்பை மோந்து பார்த்தார். இரண்டு தடவை தும்மினார்.

"தோல்ல இருக்கற எண்ணெய்ப்பசை பூராத்தையும் துவைச்சே எடுத்துட்டீங்க. அதுக்கு மேல இந்த வாசனை வேற. அரிக்காம என்ன செய்யும்? மாத்திரை தரேன். இனிமே நான் சொல்றவரைக்கும் குளியல் கிடையாது. தினமும் சீப்பால வாரி விடுங்க, போதும். விரிப்பை வாசனையில்லாத சோப்புல துவைச்சு, வெறும் தண்ணில நல்லா அலசுங்க."

"முடி இந்த மாசத்துக்குள்ள வளந்துடுமா?" என்று கேட்டார் நாத்தனார்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. நாளாகும்." மருத்துவர் குனிந்து பார்த்தார். "உங்க கைக்கு என்ன ஆச்சு?"

துரையைப் பிடித்திருந்த கை அது. விரலிடுக்கெல்லாம் சிவந்து, முட்டிக்கு முட்டி வெடித்திருந்தது. "சோப்புத் தண்ணிதான்" என்று அதைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் திறக்காததுமாகப் பிடித்துக்கொண்டேன்.

"தினமும் எதுக்குக்கா? நாய்க்குத்தான் அறிவில்ல, உங்களுக்குமா?"

"நீ மூக்கைச் சுளிச்சிடக் கூடாதேன்னுதான்."

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. துரை நடந்த இடத்தையெல்லாம் துடைத்திருக்கிறார். தன் போர்வையை எங்கள் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்திருக்கிறார். தான் குடித்த டம்ளரை நான் கழுவும்படி ஒரு நாளும் விட்டதில்லை. அதை நான் சுத்தம் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஒரு துணி தெருவில் வரும்போதே அதில் கடுகளவு கறையைக் கண்டுபிடித்துவிடுகிற எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் கை கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் குரல்தான் உயரும்.

"நல்லாக் கேட்டுக்குங்க. முடி வளந்தாலும் வளராட்டியும் துரை இங்கதான் இருக்கும். நீங்களும்தான். ஹோட்டல் துணியைக் கீழேயே பையில கட்டி வைக்கறேன். அப்பவும் முடி போச்சுன்னா அந்த மனுஷன் வேற கடை பாத்துக்கட்டும். இனிமே நீங்க சோப்புத் தண்ணில கை வச்சதைப் பாத்தேன், அவ்வளவுதான்!"

கணவர் இந்தத் தடவை கீழே இறங்கவில்லை. "கேளுக்கா" என்று மட்டும் சொன்னார்.

நாத்தனார் சோபாவில் உட்கார்ந்தார். எப்போதும் நுனியில் உட்காருகிறவர், முதுகு சாயும்படி நகர்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடேன். நீ போடறது எனக்குப் பத்தவே பத்தாது."

"ஒரு வருஷமா அதையா குடிச்சிட்டிருந்தீங்க!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே சமையலறைக்குப் போய், சர்க்கரை டப்பாவை அப்படியே தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.