கலக்கி இறைத்த பொயிலர்

ஒக்டோபர் நடுவில் மொன்றியலில் இருபத்து நான்கு பாகை வெயில். வில்லரே தெருவில் ஆட்கள் அரைக்காற்சட்டையோடு ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு போக, விமலநாதன் வீட்டு ஹீற்றரைப் போட்டார். வீட்டுக்குள் ஏற்கெனவே இருபத்தைந்து. தெர்மோஸ்டாட்டை அதற்கு மேலே வைத்தால்தான் நிலவறையில் கிடந்து, தண்ணீரைச் சூடாக்கி அறைகளிலுள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்பும் பொயிலர் தனக்கு வேலை வந்திருக்கிறதென்று நம்பும். ஆகவே முப்பதில் வைத்தார்.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரோ? நான் அவிஞ்சு போறன்.” மனைவி சிவநேசம் கடை விளம்பரத்தாளால் விசிறிக்கொண்டாள்.

“குளிர் வந்தாப் பிறகு சோதிச்சா அது சோதனை இல்லை, வேதனை.”

விமலநாதன் பாடசாலை பஸ் ஓட்டுபவர். ஆனால் எந்த இயந்திரத்தைக் கண்டாலும் அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று அறியாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இன்றைக்கு இறங்காததற்கு வேறொரு காரணமும் இருந்தது. சிவநேசத்தின் கறிவேப்பிலை மரம்.

பதினொரு வருடமாகத் தொட்டியில் வளர்ந்து அவள் தோளளவுக்கு வந்திருந்தது. கோடையில் பின்பல்கனியில் நிற்கும். குளிர்காலத்தில் வெளிச்சம் விழும் மேல்மாடி முன்னறைக்குப் போகும். இந்த வீட்டை வாங்கி மூன்று குளிர்காலமாகிறது. மூன்றிலும் அந்த அறை ரேடியேட்டர் மட்டும் பிணம்போலக் குளிர்ந்து கிடந்தது. போன வருடம் மரம் ஓர் இலை மிச்சமில்லாமல் உதிர்த்துவிட்டு மே மாதம்வரை வெறும் தடியாய் நின்றது.

இந்த வியாழன் உறைபனி என்கிறார்கள். கர்க்லாண்டில் புதுவீடு வாங்கியிருக்கும் பிலோமினம்மா, “மரத்தை எனக்குத் தாங்கோ அக்கா, நான் உங்களுக்கு இலை தாறன்” என்று ஒரு மாதமாகக் கேட்கிறாள். தன் மரத்து இலையைத் தானே கைநீட்டி வாங்குவதா? சிவநேசம் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்திருந்தாள். இன்று நாலு மணிக்குப் பிலோமினம்மாவின் வான் வரும். அதற்குள் முன்னறை சுடாவிட்டால் மரம் போய்விடும்.

மேலே போய் முன்னறை ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார்கள். மற்ற அறைகளெல்லாம் கொதிக்க, அது மட்டும் பச்சைத்தண்ணீர்.

“சரி. கலக்கி இறைக்க வேண்டியதுதான்,” என்று விமலநாதன் பொயிலரை அணைத்துவிட்டு, ரப்பர் குழாயைத் தோளில் போட்டார்.

யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு ஒருமுறை கிணற்றைக் கலக்கி, பழைய தண்ணீரையெல்லாம் அடிச்சேற்றோடு இறைத்துவிடுவார்கள். புது ஊற்று வரும். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பொயிலரின் அடிக்குழாயைத் திறந்தவர், சாயத்தேநீர்போலக் கறுப்பாய் வந்த தண்ணீரைக் கண்டு அருவருத்துப்போனார். அன்றிலிருந்து ஒவ்வோர் ஒக்டோபரும் கலக்கி இறைப்புத்தான்.

“ஏன் அந்த அறை மட்டும் சுடுகுதில்லை?” என்றாள் சிவநேசம்.

கேள்வி கேட்டால் விமலநாதன் முகம் மலர்ந்துவிடும். “காத்து! தண்ணி சுத்திச் சுத்தி ஓடினாத்தான் சூடு போகும். காத்து இலேசு. ஆக மேல இருக்கிற ரேடியேட்டருக்குள்ள போய்க் குந்தியிருக்கும். தண்ணியை உள்ள விடாது.”

“குழாயெல்லாம் பூட்டிக் கிடக்கு. காத்து எங்கயிருந்து வருது?”

“நல்ல கேள்வி. வாரும், காட்டுறன்.”

கண்ணாடிச் சட்டியில் குழாய்த்தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். சிறிது நேரத்தில் சட்டியின் உட்புறமெங்கும் கடுகுபோலக் குமிழிகள் ஒட்டிக்கொண்டன.

“பாத்தீரா, இன்னும் கொதிக்கேல்லை. இது ஆவியில்லை. தண்ணிக்குள்ள கரைஞ்சிருந்த காத்து. சூடாக்கினா வெளிய வரும்.”

“ஒருக்காச் சூடாக்கின தண்ணியை மூடிவைச்சுத் திருப்பிச் சூடாக்கினா?”

“வராது. அதில காத்து முடிஞ்சுது.”

சிவநேசம் சட்டியைப் பார்த்தாள். பிறகு அவர் தோளில் கிடந்த ரப்பர் குழாயைப் பார்த்தாள்.

“அப்ப பொயிலருக்குள்ள கிடக்கிறது காத்து முடிஞ்ச தண்ணி.”

“ஓம்.”

“அதை ஊத்திப்போட்டு நீங்கள் புதுசா விடுறது காத்துள்ள தண்ணி.”

“ஓ…ம்.” அந்த ஓம் பாதி வழியில் நின்றுவிட்டது.

“மூண்டு வருசமா என்ரை மரத்துக்குக் காத்து இறைச்சது நீங்களோ!”

“அது கறுப்பாயெல்லே கிடக்கு!”

“நீங்கள் அதைக் குடிக்கப் போறியளோ?”

விமலநாதன் ரப்பர் குழாயை இறக்கி வைத்தார். முன்னறை ரேடியேட்டரின் ஓரத்தில் காற்றை வெளியே விடவென்றே ஒரு சின்னத் திருகு இருந்தது; இறைத்தால் காற்றும் போய்விடுமென்று இதுவரை தொடாத அதைச் சாவியால் கால்வட்டம் திருப்பினார். உஸ்ஸ்ஸென்று பெருமூச்சுப்போலக் காற்று வந்தது. வந்துகொண்டேயிருந்தது. கடைசியில் கறுப்புத்தண்ணீர் பீச்சி அவர் வெள்ளை பெனியனில் அடித்தது. திருகை மூடினார். கீழே ஓடி, காற்றுப் போன இடத்தை நிரப்பக் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பொயிலரை மூட்டினார்.

நாலு மணிக்குப் பிலோமினம்மா போர்வையோடு வந்தாள். “மரத்துக்குச் சுத்த! ஐயோ, என்ன அண்ணை இந்த வெக்கை?”

“மேல வாரும். இதைத் தொட்டுப் பாரும்,” என்றாள் சிவநேசம். அவளே இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.

பிலோமினம்மா தொட்டாள். “மாதாவே!” என்று கையை உதறினாள்.

“சுட்டதோ?” சிவநேசத்தின் குரலில் இரக்கம் துளியுமில்லை. “நல்ல நேரம் வந்தீர். தொட்டியை மேல ஏத்த ஒரு ஆள் காணாமல் இருந்தது.”

வேர்த்து வழிய மூன்று பேருமாய் மரத்தை மாடிப்படிக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் படியில் விமலநாதன் நின்றார். “ரேடியேட்டருக்கும் மரத்துக்கும் இடையில மூண்டடி விடவேணும். ஏனெண்டால் சூடான காத்து இலேசாகி…”

“முதல்ல தூக்குங்கோ!” என்றார்கள் இரண்டு பெண்களும்.