கறுப்புக் கயிறு கட்டிய நண்டுகள்

"அறுபதுக்கு மேல ஒரு நம்பர்கூட வரலையேக்கா, அது எப்படி?" என்று பிரபு சார் கேட்டார். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

விஷயம் இதுதான். எங்கள் தேவிபட்டினம் கடலில் நீலக்கால் நண்டு எத்தனை இருக்கிறது, எத்தனை பிழைக்கிறது என்று கணக்கெடுக்க வந்த ஆராய்ச்சிக்காரர் அவர். நண்டைப் பிடித்து, ஓட்டின் இரண்டு கொம்புக்கும் குறுக்கே நம்பர் அடித்த அலுமினியத் தகட்டைக் கட்டி, திரும்பக் கடலில் விட வேண்டும். பிறகு வலையில் ஏறுகிற நண்டுகளில் தகடு கட்டியது எத்தனை என்று பார்த்தால் மொத்தக் கணக்கு வந்துவிடுமாம். தகடு கட்டும் வேலை ஹமீதா பானுவாகிய எனக்கு. அறுநூறு கட்டியதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தகட்டோடு நண்டைக் கொண்டுவருகிறவருக்கு ஒரு டி-சர்ட். இரண்டு மாதத்தில் வந்தது ஒன்பது. ஒன்பதும் அறுபதாம் நம்பருக்குள்.

"நண்டு செத்துப்போச்சுன்னு வைங்க. அறுபதுக்கு மேல உள்ளது மட்டும் பாத்துப் பாத்தா சாகும்? இல்லாட்டி..." என்று நிறுத்திக்கொண்டார்.

நிறுத்தினால் எனக்குப் புரியாதா? மிச்சம் ஐந்நூற்று நாற்பது தகட்டையும் எங்கேயோ கொட்டிவிட்டு நான் கையெழுத்து மட்டும் போட்டேனாம். திங்கட்கிழமை ஆபீசுக்கு எழுதப்போகிறாராம். வேலை போனால் போகட்டும், நண்டு கம்பெனியில் சதை பிரிக்கப் போவேன். கள்ளி என்ற பேரோடு இந்த ஊரில் எந்தத் தெருவில் நடப்பேன்?

"எல்லாத்தையும் கம்பியிலதான கட்டுனீங்க?"

"ஆமா சார்," என்றேன். அது பொய்.

கம்பி அறுபது நண்டோடு தீர்ந்துவிட்டது. அவர் அந்த வாரம் முழுக்கத் தூத்துக்குடியில் இருந்தார். கம்பியைத் தவிர வேறெதிலும் கட்டக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்தான். ஆனால் கூடை நிறைய நண்டை வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருப்பது? கடலுக்குள் இருக்கிற நவபாஷாணக் கோயிலுக்குப் போகிற வழிக் கடையில் கறுப்புக் கயிறு வாங்கி, மிச்சத்தையெல்லாம் அதிலேயே கட்டி விட்டேன். கயிறு அவிழ்ந்திருக்குமோ என்று வீட்டில் வாளித் தண்ணீரில் ஒரு நண்டை நான்கு நாள் போட்டுப் பார்த்தேன். முடிச்சு அசையவில்லை. அப்படியென்றால் எவரோ தகட்டை ஒளிக்கிறார்கள்.

எனக்குச் சந்தேகம் வீரையா அண்ணன் மேல். நாங்கள் நண்டை விட்ட இடத்தில்தான் அவர் வலை போடுகிறார். வந்த ஒன்பதில் ஐந்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஐந்தாவது டி-சர்ட் தொப்பையைத் தாண்டவில்லை என்று அன்றைக்கே முணுமுணுத்தார். அதற்குப் பிறகு ஒன்றும் கொண்டுவரவில்லை. கேட்டால் வேறு பேச்சுப் பேசுவார்.

"வாங்க சார், கள்ளன் யாருன்னு காட்டுறேன்," என்று பிரபு சாரைக் கையோடு கரைக்குக் கூட்டிப்போனேன்.

வீரையா படகு நிழலில் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் ஜோதிகா பச்சை நூலால் வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் நிச்சயம் நின்றுபோய் ஒரு மாதம் இருக்கும். காரணம் கேட்டால் அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அதுவும் எனக்கு உறுத்தல்தான். மறைக்கிற குடும்பம் எதையும் மறைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

குனிந்து வலையைப் பார்த்தேன். நண்டு கிழித்தால் பிய்ந்து தொங்கும். இது உள்ளங்கை அளவு ஓட்டை, சுற்றிலும் கத்தியால் அறுத்த நேர் வெட்டு. வலை முழுக்க அப்படி வெட்டி, பச்சை நூலில் பொத்திய இடங்கள்.

"வீரையாண்ணே, எங்க தகட்டையெல்லாம் எங்கன ஒளிச்சு வச்சிருக்கிய?"

"என்ன பானு பேசுற? கெடச்ச அஞ்சையும் குடுத்துட்டேன்ல. அதுக்குப் பெறகு கம்பி கட்டுன நண்டே வரல."

"அப்ப வலையை ஏன் கத்தியால அறுத்திருக்கிய?"

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "அத மட்டும் கேக்காத."

"கேப்பேன். என் பேரு நாறிக் கெடக்கு இங்கன."

வீரையா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கயிறு கட்டுன நண்டு வருது. கறுப்புக் கயிறு, அதுல ஒரு தகடு. எவனோ நவபாஷாணத்துல தோசம் கழிச்சு நண்டு மேல ஏத்தி விட்டிருக்கான். கைப்பட்டா நம்ம மேல ஏறிக்கிரும். அதான் தொடாம, வலைக்கண்ணியோட அறுத்துக் கடல்லயே போட்டுருவோம். வெளிய சொல்லவும் கூடாது, சொன்னா ஒட்டிக்கிரும். இந்தக் கரையில எல்லாருமே அப்படித்தான்."

கறுப்புக் கயிறும் தகடும் சேர்ந்தால் இந்த ஊரில் எவன் தொடுவான்? இத்தனை வருஷம் இங்கே இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

"கறுப்புக் கயிறா?" என்று பிரபு சார் என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் சார் கட்டுனேன். கம்பி தீந்துருச்சு. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப எல்லாத்தையும் கட்டித்தான் விட்டிருக்கீங்க. நண்டும் உயிரோடதான் இருக்கு. ஒரு ஓட்டைக்கு ஒரு நண்டு," என்றவர் மணலில் மண்டியிட்டு, பச்சை நூல் இடங்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

"நீயா கட்டுன?" என்று வீரையா கேட்டார். "ரெண்டு நாளைக்கு ஒண்ணு ரெண்டுன்னு என் வலையிலயே வந்துச்சு பானு. இந்த நேரத்துல நல்ல காரியம் வேணாம்னு நான்தான் நிச்சயத்தத் தள்ளி வச்சேன். என்ன ஏதுன்னு காரணமும் சொல்ல முடியல. வாலிநோக்கத்து மாப்பிள்ள வீட்டுக்காரக காத்திருக்கல. வேற பொண்ணு பாத்து முடிச்சுட்டாக."

இவரைக் கள்ளன் என்று ஆள் கூட்டிக்கொண்டு வந்தேனே என்று வெட்கமாக இருந்தது. செத்துவிடலாம் போல இருந்தது.

"முப்பத்தேழு, முப்பத்தெட்டு..." பிரபு சார் எண்ணிக்கொண்டே போனார்.

"நாப்பத்தி மூணு சார்," என்றாள் ஜோதிகா, தலை நிமிராமல். "எண்ண வேணாம். எல்லாம் நான் பொத்துனது."

அவர் எழுதிக்கொண்டார். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஜோதிகா," என்றேன்.

அவள் வலை ஊசியில் பச்சை நூலைச் சுற்றிக்கொண்டே, மடியில் கிடந்த ஓட்டையை எனக்குக் காட்டினாள்.

"இன்னும் இது ஒண்ணு இருக்குக்கா, நேத்து வந்தது. இதையும் சேத்துக்கச் சொல்லுங்க," என்றாள்.