சாளையில் பொய்யாக உட்கார்ந்தவள்

நஞ்சம்மாள் மோர் கடைந்துகொண்டிருந்தாள். மார்கழி மாதத்து விடியல். சோமனூர்ப் பக்கத்துக் காடுகரையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. அவள் புருஷன் செங்கோடக் கவுண்டர் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அடுப்படி வாசலில் குந்தியிருந்தார். நஞ்சம்மாளுக்கோ நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை வழிந்தது. மத்தை அப்படியே போட்டுவிட்டுப் போய்த் தொட்டித் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்புள்ள, இந்தக் குளிர்ல ஆராச்சும் பச்சத் தண்ணியில மூஞ்சி கழுவுவாங்களா? உடம்புக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. நீங்க உங்க சோலியப் பாருங்க."

கவுண்டர் கம்பளியை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டார். கொஞ்ச நாளாகவே அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டால் சண்டை வந்தது, இரண்டாவது வார்த்தை கேட்டால் அழுகை வந்தது. எள்ளையும் கருப்பட்டியையும் இடித்து உருண்டை உருண்டையாக நஞ்சம்மாள் விழுங்குவதைப் பார்த்து, "இந்த வருசத்து எள்ளு வெள்ளாமை பூரா உன்ற வகுத்துக்குள்ளதான் போல" என்று ஒரு நாள் விளையாட்டாகச் சொல்லி, அன்றைக்குச் சாயங்காலம் வரை சோறு கிடைக்காமல் இருந்த மனிதர் அவர்.

எள்ளும் கருப்பட்டியும் எதற்கு என்று ஆண்பிள்ளைக்குத் தெரியவில்லை. பெண்களுக்குத் தெரியும். தள்ளிப் போனது வரவேண்டும் என்பதற்குத்தான். நஞ்சம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. நாலு மாதமாக அவள் வீட்டுக்குத் தூரமாகவில்லை. வயிறு உப்பிக்கொண்டு வந்தது. எண்ணெய் வாசம் பட்டால் குமட்டியது. இதற்கெல்லாம் அவளுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். முழுகாமல் இருக்கிறோம் என்று முடிவுகட்டிவிட்டாள்.

மூத்த மகன் ஈஸ்வரமூர்த்தி திருப்பூரில் பஞ்சுக்கடை வைத்திருந்தான். அவனுக்கே இரண்டு பிள்ளைகள். மகள் சாந்தாமணி சூலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க வேண்டியவள், மகளோடு சேர்ந்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் ஊர் என்ன சொல்லும்? நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது. வயது போனால் இதுவும் தானாக நிற்கும், நிற்கிற காலத்தில் உடம்பு இப்படியெல்லாம் படுத்தும் என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. பெற்றவள் நாற்பது வயதுக்குள் பிளேக்கில் போய்விட்டாள். ஊரில் அந்த வயதைக் கடந்த பெண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். மாட்டுக்கு வந்த நோயைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள். தங்களுக்கு நடந்ததைப் பற்றி ஒருத்தியும் மூச்சு விட்டதில்லை.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. மாதம் மூன்று நாள் அந்த வீட்டுப் பெண்கள் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய ஓலைச் சாளையில் தனியாக உட்கார வேண்டும். சாளையோ ஊர்க் கிணற்றுக்குப் போகிற வழியில் இருந்தது. யார் உட்கார்ந்தாள், யார் உட்காரவில்லை என்று கணக்கு வைத்துக்கொள்வதற்கென்றே சில பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். முதல் மாதம் தள்ளிப்போனபோது பக்கத்துத் தோட்டத்துக் குழந்தையம்மாள், "என்னக்கா, சாளைப் பக்கம் காணமே?" என்று ஒரு மாதிரியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, அடுத்த மாதத்திலிருந்து நஞ்சம்மாள் பொய்யாகவே போய்ச் சாளையில் உட்கார ஆரம்பித்தாள். தட்டும் சொம்பும் தனியாக, பாய் தனியாக, யார் மேலும் படாமல், மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வருகிற வரைக்கும் எல்லாம் சரியாகச் செய்தாள். ஒரு பொய்க்கு இவ்வளவு மடி ஆசாரம் பார்த்தவள் அந்தத் தாலூக்காவிலேயே அவளாகத்தான் இருப்பாள்.

ஊரை ஏமாற்றியாயிற்று. சம்பந்தி வீட்டை என்ன செய்வது? ஏழாம் மாதம் தாய்வீட்டார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், சம்பந்தி வீட்டில் விருந்து வைத்து, மகளை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். விருந்து என்றால் சும்மா இல்லை. இரண்டு பக்கத்துப் பெண்களும் நெருக்கியடித்து உட்காருவார்கள். புடவை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் இடுப்பு வரைக்கும் பார்ப்பார்கள். நஞ்சம்மாள் நாள் சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள். சம்பந்தி செல்லாத்தாள் மறுபடியும் ஆள் விட்டபோது ஒன்பதாம் மாதம் வருகிறோம் என்றாள். ஒன்பதாம் மாதமும் பிறந்தது. தை பிறக்கட்டும் என்றாள். மகள் மாமியார் வீட்டிலேயே வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

மார்கழி முடிகிற சமயம், நஞ்சம்மாள் மறுபடியும் பொய்யாகச் சாளையில் உட்கார்ந்த இரண்டாம் நாள் அது. வெயில் ஏறும் நேரத்தில் சம்பந்தி வீட்டு வண்டி வந்து நின்றது. வண்டிக்காரன் கந்தப்பன் குதித்து இறங்கினான்.

"அம்மணிக்கு வெடியால இருந்தே வலிங்க. பெரியம்மாளைக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க."

"அவ தூரமப்பா, சாளையில இருக்கறா" என்று கவுண்டர் கையைப் பிசைந்தார். பிள்ளை பிறக்கிற வீட்டுக்குத் தூரமானவள் போகக் கூடாது. ஆனாலும் மனது கேட்காமல் அவர் சாளைக்கு எட்டத்தில் வந்து நின்றார்.

"கேட்டுச்சா புள்ள? எத்தனாம் நாளு உனக்கு?"

ஓலைத் தடுக்குக்குப் பின்னால் நஞ்சம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் கால் வாசலுக்கு வந்துவிட்டது. ஒன்றுமில்லை, நான் வருகிறேன் என்று சொன்னால் போதும். அப்புறம், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்கள். கந்தப்பன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். கிணற்றடியில் குழந்தையம்மாள் நிற்கிறாள். நஞ்சம்மாள் புடவைத் தலைப்பை வயிற்றின் மேல் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டாம் நாளுங்க" என்றாள்.

கவுண்டர் தனியாக வண்டி ஏறினார். வண்டிச் சத்தம் தேய்ந்து போகிற வரைக்கும் அவள் நின்றாள். பிறகு பாயில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கே புரிந்தது. எழுந்து ஓடலாமா என்று தோன்றும். ஓடினால் ஊர் பார்க்கும். மறுபடி உட்காருவாள். மத்தியானம் குழந்தையம்மாள் சோற்றுத் தட்டை எட்டத்தில் வைத்துத் தள்ளிவிட்டு, "பாவம் அக்கா, இந்த நேரம் பார்த்தா இப்பிடி ஆகோணும்?" என்று உச்சுக் கொட்டினாள். நஞ்சம்மாள் தட்டைத் தொடவில்லை. சாந்தாமணி சின்னப் பிள்ளையில் முள் குத்தினாலும் முழு ஊருக்கும் கேட்கிறமாதிரி அம்மா என்று கத்துவாள். இப்போதும் கத்திக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். காதைப் பொத்திக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் வண்டி திரும்பி வந்தது. கவுண்டர் சாளை வாசல் வரைக்கும் நேராக வந்துவிட்டார். தீட்டு, எட்டம் எல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது.

"மருத்துவச்சி கைய விரிச்சுப்போட்டா. புள்ள குறுக்கால கெடக்குதாம். மோட்டார் வெச்சுக் கோயமுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயிட்டாங்க. காத்தால இருந்து அம்மா அம்மான்னு உன்னையத்தான் கூப்புட்டா. தூரமா இருந்தா இருக்கட்டும், வாசல்ல வந்து நின்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும்னு சம்பந்தியே சொல்றாங்க. எந்திரி."

நஞ்சம்மாள் எழுந்தாள். அழுகை வரவில்லை.

"எனக்குத் தூரமில்லீங்க. பொய் சொல்லிப்போட்டேன்."

கவுண்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோமனூரில் பஸ் ஏறுகிற வரைக்கும் வண்டியில், ஓட்டிக்கொண்டிருந்த கந்தப்பனுக்குக் கேட்காத குரலில், அவள் தலைகுனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். முழுகாமல் இருப்பதையும் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் குரல் கம்மிப்போய் வந்தது.

"இத ஊருகிட்டச் சொல்ல வேண்டாம் புள்ள. என்றகிட்டச் சொல்றதுக்கு என்ன? நான் ஆரு உனக்கு?"



ஆஸ்பத்திரியில் மின்சார விளக்குப் போட்டுவிட்டார்கள். சாந்தாமணி வெளுத்துப்போய்க் கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில் ஒரு துணிச்சுருளுக்குள் பெண் குழந்தை தூங்கியது. இரண்டு உயிரும் தப்பியது பெரிய காரியம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனாளாம். செல்லாத்தாள் கட்டில் காலடியில் உட்கார்ந்து மருமகளின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாய் தேய்க்க வேண்டிய பாதம் அது.

"வந்துட்டயாம்மா?" என்றாள் சாந்தாமணி. கோபமே இல்லாமல் கேட்டாள். அதுதான் நஞ்சம்மாளால் தாங்க முடியவில்லை. "தூரம்னு அப்பன் சொன்னாரு. உள்ள வராட்டியும் வெளியவாச்சும் நிப்பயின்னு பார்த்தேன். உன்ற சத்தம் கேட்டாப் போதும்னு இருந்துச்சும்மா."

நஞ்சம்மாளுக்குக் குப்பென்று வேர்த்தது. காது அடைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தவளை நர்ஸ் ஜெபமணி தாங்கிப் பெஞ்சில் உட்கார வைத்தாள். ஜெபமணி ஒவ்வொன்றாகக் கேட்டாள். நஞ்சம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். டாக்டரம்மா வந்து திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் பரிசோதித்தாள். பிறகு ஜெபமணிதான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"அம்மா, உங்க வயித்துல பிள்ளை இல்லை. உங்க வயசுல எல்லாருக்கும் இது நின்னுடும். நிக்கிற சமயத்துல இப்படி வேர்க்கும், வயிறு உப்பும், கோபமும் அழுகையும் சேர்ந்து வரும். கொஞ்ச நாள்ல தணிஞ்சுடும். பயப்படாதீங்க."

இதைக் கேட்டு அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிற்றில் ஒரு பிள்ளை இருந்திருந்தாலாவது, அதற்கு வெட்கப்பட்டு ஒளிந்தேன் என்று மகளிடம் சொல்லலாம். இல்லாத பிள்ளைக்கு வெட்கப்பட்டு, இருக்கிற பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தோமே என்று அவளுக்கு மனது அறுத்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

செல்லாத்தாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மெல்ல எழுந்து வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் இப்பிடித்தானுங்க சம்பந்தி. காத்துக் கருப்பு அண்டிருச்சுன்னு பூசாரியைக் கூப்பிட்டு வேப்பந்தழையில அடிச்சாங்க. நாலு நாளு முதுகு வீங்கிக் கெடந்தேன்."

"என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்றாள் நஞ்சம்மாள்.

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதுங்களா?"

நஞ்சம்மாள் எழுந்து மகளிடம் போனாள். சாளையில் பொய்யாக உட்கார்ந்ததையும், வண்டி வந்தபோது வாய் திறக்காததையும் ஒளிக்காமல் சொன்னாள். சாந்தாமணி கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், "குழந்தையத் தூக்கிக்கோம்மா" என்று மட்டும் சொன்னாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நஞ்சம்மாளும் கேட்கவில்லை.

குழந்தையோடு மகளை வீட்டுக்கு அழைத்து வந்து பங்குனியும் பிறந்துவிட்டது. ஒரு நாள் காலையில் நஞ்சம்மாள் கிணற்றடியில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாந்தாமணி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, சாளைப் பக்கம் ஆளையே காணம்? என்ன விசேசம்?" என்று குழந்தையம்மாள் அதே சிரிப்போடு கேட்டாள். தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நஞ்சம்மாளுக்கு முகம் கொதித்தது. நாளைக்கு உட்காருவேன் என்கிற பொய் பழக்கத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சாந்தாமணி நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நின்னு போச்சு அம்மணி. வயசாயிருச்சு" என்றாள் நஞ்சம்மாள். "மார்கழிக்கு நாலு மாசம் முந்தியே நின்னுருச்சு. முழுகாம இருக்கறன்னு நெனச்சுட்டு, நீங்க சிரிப்பீங்கன்னு பயந்துட்டு, பொய்யாச் சாளையில உக்காந்தேன். புள்ளைக்கு வலின்னு வண்டி வந்தப்பவும் உக்காந்துதான் இருந்தேன்."

கிணற்றடியில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருத்தி கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு ஒவ்வொருத்தியாகக் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். குழந்தையம்மாள் மட்டும் நிறைந்த குடத்தை இடுப்பில் வைப்பதும் இறக்குவதுமாக நின்றாள். பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு கிட்டே வந்தாள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"அக்கா... எனக்கும் தூங்கறப்பத் திடீர்னு வேர்த்து ஊத்துதுங்க்கா. காரணமே இல்லாம அழுகாச்சி வருது. அவருகிட்டச் சொல்லக் கூச்சமா இருக்குது. அதுவும் இதானுங்களா?"

நஞ்சம்மாள் அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இதாத்தான் இருக்கும் கண்ணு. இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிக் கேட்டுப்போடு, நானும் கூட வாரேன். ஊட்டுக்காரருகிட்டயும் இன்னைக்கே சொல்லிப்போடு. உடம்புக்கு வயசாறதுல வெக்கப்படறதுக்கு ஒண்ணுமே இல்ல, அது எல்லாருக்கும் வாரது. அத மூடி மறைக்கறதுக்குன்னு பெத்த புள்ளையத் தனியாக் கத்த உட்டம் பாரு, வெக்கம்னா அதுக்குத்தான் படோணும். அந்த வெக்கம் நான் சாகற மட்டும் என்ற கூடவே இருக்கும். உனக்கு அது வேண்டாம் சாமி."