தேவகுமாரியின் ஆர்வப் படிவம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார்: "பிள்ளைகளுக்குக் கணக்கென்றால் ஏன் கசக்கிறது? சிரிக்கச் சிரிக்க எழுதித் தாருங்கள்." தலையாட்டிவிட்டு ஏற்காட்டுக்கு பஸ் ஏறினேன். (எனக்கும் கணக்கு வராது. அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன், ஏதோ பட்டம் வாங்கின மாதிரி. வெட்கக்கேடு.) முதல் வரி கையோடு தயாராக இருந்தது:

கணக்கு பீரியட் வந்தாலே தேவகுமாரிக்கு வயிற்றைக் கலக்கும். அன்றைக்கும் அவள்—

பொய். மலைமேலே ஒரு தாய் என்னிடம் ஒரு படிவத்தைக் காட்டினார். அதன்பின் அந்த வரியை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் அதை இங்கேயே விட்டுவைக்கிறேன். எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல இருந்தேன் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

2.

தேவகுமாரி கொட்டச்சேடு என்கிற மலைக்கிராமத்துப் பெண், பத்தாம் வகுப்பு. படிவத்தைக் காட்டிய அவள் அம்மா குப்பாயி, எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறவர்.

அந்தப் பெண்ணுக்குக் கணக்கு பிடிக்கும். பஸ்ஸில் கீழே கிடக்கும் டிக்கெட்டைப் பொறுக்கி, கடைசி மூன்று எண்களை எடுத்து, எதால் வகுபடும் என்று பார்த்துக்கொண்டே வருவாள். எதாலும் வகுபடாத எண் சிக்கிவிட்டால் அன்று முழுக்கச் சந்தோஷம். பதினோராம் வகுப்பில் கணக்கு குரூப் எடுக்க வேண்டும், அவளுடைய ஆசை அவ்வளவுதான்.

3.

பள்ளியில் படிவம் கொடுத்தார்கள். 'கணிதம் கற்பதில் ஆர்வம்: உண்டு / இல்லை.' மாணவரே டிக் போட வேண்டும், பெற்றோர் கையெழுத்திட வேண்டும். 'இல்லை' என்றால் கணக்கு குரூப் கிடையாது.

தேவகுமாரியின் படிவத்தில் 'இல்லை' கட்டத்தில் பென்சிலால் ஏற்கெனவே ஒரு டிக் இருந்தது. எஸ்டேட்டிலிருந்து வரும் பதினான்கு பிள்ளைகளுக்கும் அப்படியே.

"அதும்மேலயே பேனாவ ஓட்டுங்க கண்ணுகளா," என்றார் கணக்கு வாத்தியார் நல்லமுத்து.

அடிக்கவில்லை, திட்டவில்லை, கண்ணு என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அங்கேதான். மலைப்பிள்ளைகளுக்குக் கணக்கில் ஆர்வமே கிடையாது, இதோ அவர்களே போட்ட டிக் என்று நாளைக்கு எவனாவது கட்டுரை எழுதுவான். அதையும் நாலு பேர் படித்துவிட்டு உச்சுக் கொட்டுவார்கள்.

[போன வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் இரண்டு பேர் ஃபெயில். அதற்காக நல்லமுத்துவை ஆசிரியர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார்கள். அவர்மேல் இரக்கம் வரும்படி அதை ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. கிழித்துப் போட்டேன்.]

4.

"என்ன கண்ணு எழுதியிருக்குது?" அன்று சாயங்காலம் வீட்டில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துகொண்டே குப்பாயி கேட்டார்.

"எனக்குக் கணக்குல ஆர்வம் இல்லைன்னு."

"நீயா எழுதுன?"

"சார் எழுதுனது. நான் மேல ஓட்டோணும்."

குப்பாயி பேனாவை மூடிவிட்டார். "உனக்குப் புடிக்கலைன்னு அவருகிட்ட யாரு சொன்னது? நாளைக்கு நானும் வாரேன்."

மறுநாள் வேலைக்குப் போகாமல் மகளோடு பள்ளிக்கு வந்தார்.

"ஏனுங்க சார், எம்புள்ள நொம்ப மோசமாப் படிக்குதுங்களா?"

"அப்படியில்லீங்கம்மா. எழுபத்தொண்ணு வாங்குது. ஆனா பன்னண்டாவதுல தோத்துப்போச்சுன்னா? புள்ள மனசு ஒடிஞ்சிருமுங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தோத்தா அழுதுட்டு மறுக்கா எழுதட்டுங்க. தோக்கறதுக்கு முன்னயே அழுகச் சொல்றீங்களே."

தேவகுமாரி ரப்பரை எடுத்து பென்சில் டிக்கை அழித்தாள்.

"உண்டுன்னு போட்டுட்டு, நாளைக்குத் தோத்துட்டு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது, தெரியுதா?" என்றார் வாத்தியார். இப்போது 'கண்ணு' காணோம்.

5.

முதல் முடிவு: நல்லமுத்து மனம் மாறி, கண் கலங்கி— (அவரை நல்லவராக்கி உங்களை நிம்மதியாகத் தூங்கவைப்பதற்கா நான் மலையேறினேன்?)

இன்னொன்று: பத்து வருஷம் கழித்து, தேவகுமாரி கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. (கைதட்டலாம். அப்படியானால் ஜெயிக்கப் போகிறவளுக்கு மட்டும்தான் கணக்கு பிடிக்கலாமா? எழுபத்தொன்று வாங்குகிற பிள்ளைக்குப் பிடிக்கக் கூடாதா?)

மூன்றாவது: அவள் பயந்துபோய் 'இல்லை'யிலேயே—

இங்கே கை நின்றுவிட்டது. நான் மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? அவள் கட்டத்தில் நான் டிக் போடுகிறேன். நல்லமுத்துவாவது பென்சிலில் போட்டார். நான் போட்டால் அச்சாகிவிடும்.

சரி, முடிவை உங்களிடம் விடலாம் என்றால், அதுவும் மாட்டேன். இதற்குள் அவளைப் பற்றி உங்களுக்கும் ஒரு அபிப்பிராயம் வந்திருக்கும். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

படிவம் மேசைமேல் இருக்கிறது. இரண்டு கட்டமும் காலி. நல்லமுத்து, நான், நீங்கள், மூன்று பேரும் கொஞ்சம் தள்ளி நிற்போம். அந்தப் பெண் எழுதட்டும்.