இருபத்தொன்பதரை நாள்

கரோலினின் ஆய்வுக் கருத்தரங்குக்குப் போலாரத்திலிருந்து அப்பா ஜார்ஜ் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சூரியனைவிட இருபது மடங்கு கனமான ஒரு நட்சத்திரம். அதன் காந்தப்புலம் பிடித்து வைத்திருக்கும் வாயுவில் பட்டுச் சிதறும் ஒளி, ஓரளவு ஒரே திசையில் அதிரும். தளவிளைவு என்பது அதுதான். நட்சத்திரம் சுழலச் சுழல அது கூடிக் குறையும். ஆறு வருஷத்தில் நூற்றுப் பதினான்கு இரவுகள் அளந்து கரோலின் கண்ட சுழற்சிக் காலம் இருபத்தொன்பதரை நாள்.

பேசி முடித்ததும் அவளுடைய வழிகாட்டி வெங்கடகிருஷ்ணன் எழுந்து ஆங்கிலத்தில் சாவகாசமாகக் கேட்டார்.

“பௌர்ணமிக்குப் பௌர்ணமி எத்தனை நாள், கரோலின்?”

“இருபத்தொன்பதரை, சார்.”

“நிலவொளி வானத்தில் சிதறினாலும் தளவிளைவு வரும். அதைச் சரியாகக் கழித்தாயா?”

“நீங்கள் கொடுத்த புரோகிராமை வைத்துத்தான் கழித்தேன்.”

“சரிபார்ப்பது உன் வேலை. ஆறு வருஷமாக நீ நிலாவைப் பார்த்திருக்கிறாய்.”

அரங்கு சிரித்தது. பாராட்டுகிறார்கள் என்று நினைத்து ஜார்ஜும் சிரித்தார்.

வராந்தாவில் ஜூனியர் ஹம்ஸினி மென்று விழுங்கினாள். “சாருக்குப் போன வருஷமே தெரியும்க்கா. எனக்குத் திருத்தின புரோகிராம் கொடுத்தார். உங்ககிட்ட சொல்ல நக்கோ, வேண்டாம்னார்.”

கரோலின் நேரே அவர் அறைக்குப் போனாள். “தெரிஞ்சும் ஏன் சார் சொல்லலை?”

“வேற கைடு வேணும்னு டைரக்டருக்கு லெட்டர் எழுதினியே, என்னைக் கேட்டுண்டா எழுதினே?” அவர் தலை நிமிரவில்லை. “நிலாவைக் கழிச்சா ஏழு நாள் சுழற்சி ஒண்ணு நிஜமாவே தெரியறது. அதை ஹம்ஸினி எழுதட்டும். உனக்குப் பிஎச்.டி. டைம் முடிஞ்சுது.”

வெளியே ஜார்ஜ் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “சபையே சிரிச்சுதும்மா! எப்போ டாக்டர் பட்டம்?”

“என்னைப் பார்த்துத்தான்பா சிரிச்சாங்க. நீங்களும் சேர்ந்துக்கிட்டீங்க.”

அவர் கைத்துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். அவள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்குச் சொல்லப் பிடிக்கவில்லை.

மார்ச்சில் ஹம்ஸினியின் கட்டுரை வெளிவந்தபோது கரோலின் சைனிக்புரிப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நூற்றுப் பதினான்கு இரவுகளும் அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் கரோலினுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள், பெயரை எழுத்துப் பிழையோடு.